கொள்ளைநோய்க் காலத்து நிவாரணமும் கறுப்பு உழவர் நிலமும்

1

2021 மார்ச் 11 அன்று அமெரிக்க அதிபர் ஜோ பைடன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். 'அமெரிக்க மீட்புத் திட்டச் சட்டம்' என்று அதற்குப் பெயர். கொரோனாவால் நொறுங்கிப்போன பொருளாதாரத்தைத் தூக்கி நிறுத்த 1.9 லட்சம் கோடி டாலர் ஒதுக்கிய சட்டம். தடுப்பூசிக்குப் பணம், வேலை இழந்தவர்களுக்குப் பணம், தலைக்கு 1,400 டாலர் காசோலை, குழந்தைகள் உள்ள குடும்பங்களுக்கு மாதாமாதம் உதவி, மாநில அரசுகளுக்கு மானியம் என்று நூற்றுக்கணக்கான பக்கங்கள். அதற்குள் ஒரு சின்னப் பிரிவு. எண் 1005.

அந்தப் பிரிவு சொன்னது இதுதான். அமெரிக்க வேளாண் துறையிடம் நேரடியாகவோ, துறையின் உத்தரவாதத்தின் பேரில் வங்கியிடமோ கடன் வாங்கியிருக்கும் 'சமூகரீதியாகப் பின்தள்ளப்பட்ட' உழவர்களின் கடனை அரசே அடைக்கும். 2021 ஜனவரி 1 அன்று எவ்வளவு பாக்கி இருந்ததோ அதில் 120 சதவீதம்வரை. அதென்ன 120? கடன் தள்ளுபடியானால் அந்தத் தொகையை வருமானமாகக் கணக்குப் பண்ணி வரி போடுவார்கள். அந்த வரியைக் கட்டவும் சேர்த்துத்தான் கூடுதல் 20. சட்டம் எழுதியவர்கள் அதுவரைக்கும் யோசித்திருக்கிறார்கள். கறுப்பர், செவ்விந்தியர் என்று வெள்ளையர் அழைத்த பூர்வகுடிகள், இஸ்பானிய வம்சாவளியினர், ஆசியர், பசிபிக் தீவினர் ஆகியோர் இதில் அடங்குவர்.

இதற்கு ஆகும் செலவு ஏறக்குறைய 400 கோடி டாலர் என்று கணக்கிட்டார்கள். மொத்தச் சட்டத்தின் தொகையோடு வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய ஐந்நூறில் ஒரு பங்குதான். மீதியில் பெரும்பகுதி போய்ச் சேர வேண்டியவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. இந்த ஒரு துளி போய்ச் சேரவில்லை. நீதிமன்றத்தில் மாட்டியது. ஒன்றரை ஆண்டுக்குள் அதே ஆட்சி அந்தப் பிரிவையே ரத்து செய்தது.

ஏன் இப்படி ஆச்சு? இதை வெறும் சட்டச் சிக்கல் என்று எடுத்துக்கொண்டால் ஒன்றும் விளங்காது. இது நிலத்தின் கதை. இந்தப் பக்கங்களை வாசிக்கிற தோழர்களுக்குப் பஞ்சமி நிலத்தின் கதை தெரியும். ஆகவே கறுப்பு உழவர்களின் நிலத்தின் கதையை அதிகம் விளக்கத் தேவையிருக்காது. ஆனால் நடந்ததை வரிசையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

2

முதலில் 2020ஆம் ஆண்டைப் பார்ப்போம். அந்த ஆண்டில் மட்டும் அமெரிக்கக் கறுப்பரின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 3 ஆண்டு குறைந்தது. வெள்ளையருக்குக் குறைந்தது 1 ஆண்டுக்குச் சற்று மேல். வைரசுக்குச் சாதி தெரியாது, நிறம் தெரியாது என்று எல்லா நாட்டிலும் சொன்னார்கள். வைரசுக்குத் தெரியாமல் இருக்கலாம். யார் வீட்டுக்குள் உட்கார்ந்து வேலை பார்க்கலாம், யார் பேருந்து ஓட்டணும், யார் மாட்டிறைச்சி ஆலையில் தோளோடு தோள் இடித்து நின்று வெட்டணும் என்று முடிவுசெய்கிற ஏற்பாட்டுக்கு நிறம் நன்றாகவே தெரியும். 2020 ஏப்ரல் 28 அன்று அதிபர் டிரம்ப் இறைச்சி ஆலைகள் மூடக் கூடாது என்று ஆணை போட்டார். அந்த ஆலைகளில் கத்தி பிடித்து நின்றவர்களில் பெரும்பகுதி கறுப்பரும் இஸ்பானியரும் வந்தேறிய ஏழைகளும்தான்.

பணம் எப்படிப் போனது? 2020 மார்ச் 27 அன்று 'கேர்ஸ் சட்டம்' வந்தது. 2.2 லட்சம் கோடி டாலர். சிறு தொழில்களைக் காப்பாற்ற 34,900 கோடி டாலரைக் கடனாகக் கொடுத்து, ஆட்களுக்குச் சம்பளம் போட்டால் அந்தக் கடனைத் தள்ளிவிடுவதாகத் திட்டம். பணத்தைக் கொடுக்கிற வேலை வங்கிகளிடம் விடப்பட்டது. வங்கி என்ன செய்யும்? தன்னிடம் ஏற்கெனவே கணக்கு வைத்திருக்கிற, பெரிய கடன் வாங்குகிற வாடிக்கையாளனை முதலில் கூப்பிடும். ஏப்ரல் 3ஆம் தேதி திறந்த பெட்டி 16ஆம் தேதி காலி. முடிதிருத்தும் கடை வைத்திருந்த கறுப்பனும், வீட்டில் சமைத்து விற்ற கறுப்புப் பெண்ணும் வரிசையில் நிற்கிறதற்குள் கதவைச் சாத்திவிட்டார்கள். 2020 பிப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில் தொழில் நடத்திய கறுப்பரின் எண்ணிக்கை 41 சதவீதம் விழுந்தது. வெள்ளையரில் விழுந்தது 17 சதவீதம்.

உழவர்களுக்கென்று தனியாக நிவாரணம் வந்தது. உணவகங்கள் மூடியதால் பாலும் காய்கறியும் கொட்டப்பட்டன, கால்நடை விலை விழுந்தது. அதை ஈடுகட்ட 2020இல் இரண்டு சுற்றாகப் பணம் கொடுத்தார்கள். ஏறத்தாழ 2,600 கோடி டாலர். இதில் கறுப்பு உழவர்களுக்குப் போனது 2 கோடியே 8 லட்சம் டாலர். நூற்றுக்கு 0.1. இதைச் சொன்னது எதிர்க்கட்சிக்காரர் இல்லை, 2021இல் வேளாண் அமைச்சராகப் பொறுப்பேற்ற டாம் வில்சாக்.

கவனிக்க வேண்டிய விஷயம் இங்கேதான் இருக்கிறது. 2020 திட்டத்தில் கறுப்பருக்குக் கொடுக்காதே என்று எந்த வரியும் இல்லை. நிறம் என்ற சொல்லே கிடையாது. எவ்வளவு விளைச்சல், எத்தனை மாடு, அதற்குத்தக்க பணம், அவ்வளவுதான். நிலம் அதிகம் வைத்திருந்தவனுக்கு அதிகம். நிலம் பறிபோனவனுக்குக் கொஞ்சம். பார்க்க எவ்வளவு நியாயம்! நேற்று நடந்த கொள்ளையை இன்றைய கணக்குப் புத்தகத்தில் தலைப்புத் தொகையாக எழுதிக்கொண்டு, அதற்கு மேல் சமத்துவமாகக் கூட்டல் போடுகிற நியாயம் இது.

அப்படியானால் நிலம் எப்படிப் பறிபோனது?

3

1865 ஜனவரி 12. உள்நாட்டுப் போர் முடியப்போகிறது. ஜார்ஜியாவின் சவானா நகரில் வடக்குப் படையின் தளபதி ஷெர்மன் 20 கறுப்புப் போதகர்களைக் கூப்பிட்டு, விடுதலையான உங்கள் மக்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். அவர்களுக்காகப் பேசிய காரிசன் ஃப்ரேசியர் கேட்டது நிலம். சொந்த உழைப்பில் உழுது பிழைக்க நிலம். நான்கு நாள் கழித்து ஷெர்மன் 15ஆம் எண் ஆணையைப் பிறப்பித்தார். தென் கரோலினாவிலிருந்து ஃபுளோரிடாவரை கடற்கரையோர நிலத்தைப் பிரித்துக் குடும்பத்துக்கு 40 ஏக்கர்வரை கொடுப்பது. சுமார் 40,000 பேர் குடியேறினார்கள். லிங்கன் கொல்லப்பட்டபின் அதிபரான ஆண்ட்ரூ ஜான்சன் அதே ஆண்டு முடிவதற்குள் நிலத்தைப் பழைய எசமானர்களுக்கே திருப்பிக் கொடுத்தார். விதைத்த பயிரோடு இறங்கிப் போகச் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நாம் அதிகம் பேச வேண்டியது. அரசு கொடுக்காத நிலத்தை அந்த மக்கள் தாங்களே வாங்கினார்கள். வாரத்துக்கு உழுது, கடைக்காரனிடம் கடன்பட்டு, கொலைக்கும் கொள்ளிக்கும் நடுவில், காசு காசாகச் சேர்த்து ஏக்கர் ஏக்கராக வாங்கினார்கள். அடிமைத்தனம் ஒழிந்து 45 ஆண்டில், 1910 வாக்கில், அவர்களிடம் சுமார் 1 கோடியே 60 லட்சம் ஏக்கர் இருந்தது. 1920 கணக்கெடுப்பில் கறுப்பு உழவர்கள் 9 லட்சத்து 25 ஆயிரத்துக்கு மேல். அந்த நாட்டு உழவர்களில் ஏழில் ஒருவர். இவர்களில் பெரும்பாலோர் வாரக் குடிகள்தான் என்றாலும், சொந்த நிலக்காரர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். எழுத்தறிவு மறுக்கப்பட்ட, வாக்குரிமை பறிக்கப்பட்ட ஒரு சமூகம் செய்த இந்தச் சாதனைக்கு ஈடாகச் சொல்ல உலகத்தில் அதிகம் இல்லை.

2017 கணக்கெடுப்பில் 48,697 பேர். மொத்த உழவர்களில் 1.4 சதவீதம். கையில் இருப்பது 47 லட்சம் ஏக்கர்.

வெள்ளையரும் தொழில்மயமாதலில் விவசாயத்தை விட்டார்களே, எல்லாரும் நகரத்துக்குப் போனார்களே என்று கேட்பார்கள். போனார்கள். ஆனால் கறுப்பர் விட்ட வேகம் வேறு. அதற்கான காரணத்தை அந்த நாட்டின் குடியுரிமை ஆணையமே 1965இலும், பிறகு 1982இலும் அறிக்கையாக எழுதியது. காரணத்தின் பெயர் வேளாண் துறை.

4

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்று நம் ஊரில் சொல்வார்கள். அமெரிக்க வேளாண் துறையின் வரலாறு முழுக்கப் பூசாரிகளின் வரலாறு.

1933இல், பெரும் பொருளாதார வீழ்ச்சியின்போது, அதிபர் ரூஸ்வெல்ட் வேளாண் சீரமைப்புச் சட்டம் கொண்டுவந்தார். அதுவும் ஒரு மீட்புச் சட்டம்தான். பருத்தி விலை தரையில் கிடக்கிறது. விளைச்சலைக் குறைத்தால் விலை ஏறும். ஆகவே நிலத்தைத் தரிசாகப் போடு, அரசு பணம் தரும். அந்த ஆண்டில் நின்ற பயிரோடு 1 கோடி ஏக்கர் பருத்தியை உழுது அழித்தார்கள். பணம் யார் கைக்குப் போனது? நிலச்சொந்தக்காரன் கைக்கு. வாரக்குடிக்கு அவனுடைய பங்கைச் சொந்தக்காரன் பிரித்துக் கொடுக்கணும் என்று விதி. பிரித்துக் கொடுத்தவன் எத்தனை பேர்? நிலம் தரிசானபின் வாரக்குடி எதற்கு? பணத்தை வாங்கி டிராக்டர் வாங்கினான், குடியை வெளியேற்றினான். 1934இல் ஆர்கன்சா மாநிலத்தில் கறுப்பரும் ஏழை வெள்ளையரும் சேர்ந்து தென்பகுதிக் குத்தகை உழவர் சங்கம் அமைத்தது இந்த வெளியேற்றத்தை எதிர்த்துத்தான். அடி உதை வாங்கிய சங்கம் அது.

1935இல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. முதுமைக்கு ஓய்வூதியம், வேலையிழப்புக்கு உதவி. விவசாயக் கூலிகளையும் வீட்டு வேலைக்காரர்களையும் விட்டுவிட்டார்கள். தென் மாநிலங்களில் கறுப்பர் செய்த வேலை இந்த இரண்டும்தான். அங்கேயும் நிறம் என்ற சொல் இல்லை. சொல் இல்லாமலே ஒதுக்கத் தெரிந்தவர்கள் அவர்கள்.

இந்தத் திட்டங்களை ஊரில் நடத்தியது உள்ளூர்க் குழு. நம்ம வட்டம் மாதிரி அங்கே கவுண்டி. ஒவ்வொரு கவுண்டியிலும் உழவர்களே தேர்ந்தெடுக்கிற குழு. யாருக்கு எத்தனை ஏக்கர் பருத்தி ஒதுக்கீடு, யாருக்குக் கடன் என்பதையெல்லாம் இத்தகைய உள்ளூர்க் குழுக்களே தீர்மானித்தன. கேட்க ஜனநாயகமாக இருக்கிறது. தெற்கே அந்தக் குழுக்களில் 1960களின் நடுப்பகுதிவரை கறுப்பர் இல்லை என்றே சொல்லிவிடலாம். 1964இல் மிசிசிப்பியில் குடியுரிமை இயக்கத்து இளைஞர்கள் வாக்குரிமைக்குப் போராடிய அதே நேரத்தில் இந்தக் குழுத் தேர்தல்களிலும் கறுப்பு உழவர்களை நிறுத்தினார்கள். சட்டமன்றத்தைவிட இந்தக் குழு முக்கியம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஏனென்றால் வாக்காளராகப் பதிவுசெய்யப் போன கறுப்பனுக்கு அடுத்த வாரமே கடன் நிறுத்தப்படும். ஃபேனி லூ ஹேமர் 1962இல் வாக்காளராகப் பதியப் போனார் என்பதற்காகப் பதினெட்டு வருஷம் உழைத்த பண்ணையிலிருந்து வெளியேற்றப்பட்டவர். அவர்தான் 1969இல் மிசிசிப்பியின் சன்ஃபிளவர் கவுண்டியில் விடுதலைப் பண்ணைக் கூட்டுறவை ஆரம்பித்தார். வோட்டுக் கேட்டவன் வயிற்றில் அடிப்பார்கள், ஆகவே சோறு நம் கையில் இருக்கணும் என்பது அவருடைய அரசியல்.

5

கடனை மறுத்து நிலத்தைப் பிடுங்குவது எப்படி என்று கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். ஏனென்றால் துப்பாக்கி இல்லாமல், சத்தம் இல்லாமல் நடக்கிற வேலை அது.

விவசாயத்துக்கு வேண்டியது காலத்தில் பணம். விதைப்புக்கு முன்னால் விதை, உரம், டீசல் வாங்கப் பணம் வேண்டும். வெள்ளை உழவனின் மனு சில வாரத்தில் முடியும். கறுப்பு உழவனுக்கு முதலில் படிவம் தீர்ந்துபோச்சு என்பார்கள். பிறகு அதிகாரி வெளியூர் போயிருக்கிறார். பிறகு ஒரு தாள் குறைகிறது. கடைசியில் கடன் கிடைக்கும், மறுத்தார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் நடவுக் காலம் போய்விட்டிருக்கும். பருவம் தப்பிய விதைப்பு, பாதி விளைச்சல், கடன் கட்ட முடியாது, நிலம் ஏலம். சில இடங்களில் கடன் பணத்தை உழவன் தானே எடுக்க முடியாதபடி, ஒவ்வொரு காசோலைக்கும் அதிகாரி கூடக் கையெழுத்துப் போடணும் என்று வைத்தார்கள். டிராக்டருக்கு ஒரு போல்ட் வாங்கவும் கவுண்டி அலுவலகத்துக்குப் போய் நிற்கணும்.

ஜார்ஜியாவில் லீ கவுண்டி. 1969இல் சார்லஸ் ஷெராட், ஷெர்லி ஷெராட் உள்ளிட்ட குடியுரிமை இயக்கத்தார் சேர்ந்து 'நியூ கம்யூனிட்டீஸ்' என்ற பொதுநிலக் கூட்டமைப்பை நிறுவினார்கள். சுமார் 5,700 ஏக்கர். கறுப்பரின் கையில் அவ்வளவு பெரிய ஒற்றைப் பரப்பு அந்நாளில் நாட்டிலேயே இல்லை. பிறகு வறட்சி வந்தது. அவசரக் கடன் கேட்டார்கள். சுற்றுவட்டார வெள்ளை உழவர்களுக்குக் கிடைத்தது. இவர்களுக்கு இழுத்தடித்துக் கொடுத்தார்கள், அதுவும் அதிகாரியின் மேற்பார்வைக் கணக்கில். 1985இல் நிலம் போயிற்று.

அரசிடமிருந்து தப்பினால் உறவுமுறைச் சொத்து என்ற பொறி. வக்கீலை நம்பாத, வக்கீல் கிடைக்காத மக்கள் உயில் எழுதாமல் செத்துப்போனார்கள். நிலம் பேரன் பேத்திகள் எல்லாருக்கும் பிரிக்காத பங்காகக் கிடக்கும். எங்கோ இருக்கிற ஒரு பங்காளியின் பங்கை வாங்கிய வெளியாள் நீதிமன்றத்துக்குப் போய் மொத்த நிலத்தையும் ஏலத்துக்குக் கொண்டுவருவான். அப்படிப் பத்திரம் தெளிவாக இல்லாத நிலத்துக்கு அரசுக் கடனும் எளிதில் கிடைக்காது.

6

புகார் கொடுக்கவில்லையா? கொடுத்தார்கள். 1980களின் தொடக்கத்தில் ரீகன் ஆட்சியில் வேளாண் துறையின் குடியுரிமைப் புகார்ப் பிரிவையே முடக்கிவிட்டார்கள். ஆண்டுக்கணக்கில் வந்த மனுக்கள் விசாரிக்கப்படவே இல்லை. 1996 டிசம்பரில் கறுப்பு உழவர்கள் வெள்ளை மாளிகை வாசலில் நின்றார்கள். 1997இல் துறை தானே அமைத்த குழு பாகுபாடு நடந்ததை ஒப்புக்கொண்டது. அதே ஆண்டில் வட கரோலினா உழவர் திமோதி பிக்ஃபோர்ட் பெயரில் வழக்கு தொடுக்கப்பட்டது. 1999 ஏப்ரல் 14 அன்று நீதிபதி பால் ஃப்ரீட்மன் சமரசத் தீர்வை ஏற்றார். பாகுபாட்டுக்கு ஓரளவு ஆதாரம் காட்டினால் ஆளுக்கு 50,000 டாலர், கூடவே கடன் நிவாரணம்.

இந்தத் தீர்வில் சுமார் 15,600 பேர் வென்றார்கள். 100 கோடி டாலர் அளவுக்குப் பணம் பெயர்ந்தது. ஆனால் எப்படி நிரூபிப்பது? தன்னைப் போன்ற நிலையில் இருந்த ஒரு வெள்ளை உழவனுக்குக் கடன் கிடைத்தது என்று பெயர் சொல்லிக் காட்டணும். அந்தக் கோப்பு இருப்பது அரசிடம். 70,000 பேருக்கு மேல் காலக்கெடு தாண்டி மனுப் போட்டார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் நிராகரிக்கப்பட்டார்கள். அவர்களுக்காக மறுபடி போராடி, 2010 டிசம்பர் 8 அன்று அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட சட்டத்தின் வழியாக மொத்தம் 125 கோடி டாலர் பெற்றார்கள். நியூ கம்யூனிட்டீஸ் 2009இல் சுமார் 1 கோடியே 20 லட்சம் டாலர் பெற்றது. அதைக் கொண்டு, ஒரு காலத்தில் அடிமைகளை வைத்து நடத்திய 1,600 ஏக்கர் தோட்டத்தை வாங்கினார்கள்.

இது பெருமைப்பட வேண்டிய வெற்றி. ஆனால் 50,000 டாலர் ஒரு நல்ல டிராக்டருக்குப் போதாது. ஏலம் போன நிலம் திரும்பவில்லை. பலருக்குக் கடனும் தீரவில்லை.

7

இந்தப் பாக்கியோடுதான் கொரோனா வந்தது. 2021 ஜனவரி 5 அன்று ஜார்ஜியாவில் ரஃபேல் வார்னாக் செனட்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்த மாநிலத்திலிருந்து செனட்டுக்குப் போன முதல் கறுப்பர். மார்ட்டின் லூதர் கிங் பிரசங்கம் செய்த எபனேசர் ஆலயத்தின் போதகர். அவரும் நியூ ஜெர்சியின் கோரி புக்கரும் முன்னெடுத்த மசோதாதான் மீட்புச் சட்டத்துக்குள் 1005 ஆகவும், தொழில்நுட்ப உதவிக்கும் நில உதவிக்கும் 100 கோடி டாலர் ஒதுக்கிய 1006 ஆகவும் நுழைந்தது.

முதல் எதிர்ப்பு எங்கிருந்து வந்தது தெரியுமா? வங்கிகளிடமிருந்து. அமெரிக்க வங்கியாளர் சங்கம் உள்ளிட்டவை வேளாண் அமைச்சருக்கு எழுதின. கடனை ஒரே தடவையில் முன்கூட்டி அடைத்துவிட்டால் தாங்கள் எதிர்பார்த்த வட்டி போய்விடுமாம். கடன்காரன் கடனை அடைக்கிறான் என்று அழுகிற லேவாதேவிக்காரனை இங்கேதான் பார்க்கிறோம்.

செனட்டர் லிண்ட்சே கிரகாம், இது கொரோனா நிவாரணமே இல்லை, அடிமைமுறைக்கான இழப்பீடு என்று சாடினார். பிறகு வழக்குகள். 2021 ஏப்ரலில் டெக்சாசில் வழக்குப் போட்டவர் அந்த மாநிலத்தின் வேளாண் ஆணையரே. சொந்த முறையில் போட்டதாகச் சொன்னார். ஜூன் 10 அன்று விஸ்கான்சின் நீதிமன்றம் தற்காலிகத் தடை விதித்தது. ஜூன் 23 அன்று ஃபுளோரிடா நீதிமன்றம் நாடு முழுவதற்கும் தடை. ஜூலை 1 அன்று டெக்சாஸ். அடுத்த வாரமே டென்னசி. இதற்குள் துறை உழவர்களுக்குக் கடிதம் அனுப்பியிருந்தது: உங்கள் கடன் இவ்வளவு, நாங்கள் இவ்வளவு செலுத்துகிறோம், சம்மதமானால் கையெழுத்திட்டு அனுப்புங்கள். கையெழுத்திட்டு அனுப்பினார்கள். கடன் தீரப்போகிறது என்று நம்பிப் புதுக் கருவிக்கும் நிலத்துக்கும் செலவு செய்தவர்கள் உண்டு.

நீதிமன்றங்கள் என்ன சொல்லின? வாதத்தை நேர்மையாகவே எடுத்துவைப்போம். இனத்தின் அடிப்படையில் அரசு எதைச் செய்தாலும், நன்மையே செய்தாலும், அதைக் கடுமையான சோதனைக்கு உட்படுத்தணும் என்று 1995இல் அடராண்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் விதித்தது. அந்தச் சோதனையில் 1005 தேறாது என்றார்கள் நீதிபதிகள். பழைய பாகுபாட்டை அவர்கள் மறுக்கவில்லை. அண்மைக் காலத்தில் துறை வேண்டுமென்றே செய்த பாகுபாட்டுக்கு ஆதாரம் போதாது என்றார்கள். பழசுக்குத்தான் பிக்ஃபோர்ட் வழக்கில் கொடுத்தாகிவிட்டதே என்றார்கள். தனிப்பட்ட முறையில் பாதிக்கப்பட்டாரா என்று கேட்காமலே ஓர் இனத்துக்கு முழுக்கக் கொடுப்பது குறுகத் தரித்த தீர்வு அல்ல என்றார்கள்.

பாருங்கள் இந்தக் கண்ணியை. 2020இல் நிறம் சொல்லாமல் 2,600 கோடி டாலரில் 99.9 சதவீதத்தை மற்றவர்களுக்குக் கொடுத்தபோது எந்த நீதிமன்றத்தின் சோதனையும் இல்லை. 2021இல் நிறத்தைச் சொல்லி 400 கோடி கொடுக்க வந்தபோது அது பாகுபாடு. ஒதுக்குவது சொல் இல்லாமல் நடக்கும். ஈடுசெய்ய மட்டும் சொல் வேண்டும். அந்தச் சொல்லைச் சொன்னால் குற்றம். தனித்தனியாக நிரூபி என்றால் கோப்பை அழித்தவனிடமே போய்க் கோப்பு கேட்கணும்.

இன்னொன்று. தெற்கத்திய கறுப்பு உழவர்களின் கூட்டுறவுகள் 1967இல் அமைத்த கூட்டமைப்பு, எங்களையும் வழக்கில் ஒரு தரப்பாகச் சேருங்கள் என்று டெக்சாஸ் நீதிமன்றத்தில் கேட்டது. மறுத்துவிட்டார்கள். 2022 மார்ச்சில் மேல்முறையீட்டில்தான் அனுமதி கிடைத்தது. அதுவரை வெள்ளை உழவரும் அரசு வக்கீலும் மட்டுமே பேசிக்கொண்டிருந்தார்கள். யாருடைய கடனோ அவர்களுக்கு நாற்காலி இல்லை.

8

2022 ஆகஸ்ட் 16 அன்று பைடன் கையெழுத்திட்ட பணவீக்கக் குறைப்புச் சட்டம் 1005ஐ ரத்து செய்தது. பதிலாக, இனம் பாராமல் நெருக்கடியில் உள்ள கடன்காரர்களுக்கு 310 கோடி டாலர். வேளாண் துறையின் கடன் திட்டங்களில் பாகுபாட்டை அனுபவித்தவர்களுக்கு 220 கோடி டாலர். அக்டோபரில் தேசியக் கறுப்பு உழவர் சங்கத்தின் தலைவர் ஜான் பாய்ட் உள்ளிட்டோர், கையெழுத்து வாங்கிவிட்டு ஒப்பந்தத்தை மீறினீர்கள் என்று அரசின்மேலேயே வழக்குப் போட்டார்கள்.

2024 ஜூலை 31 அன்று அந்தப் பாகுபாட்டு நிதியிலிருந்து சுமார் 200 கோடி டாலர் 43,000 பேருக்கு மேல் வழங்கப்பட்டதாக அறிவித்தார்கள். பண்ணை நடத்தியவர்களுக்குச் சராசரியாக 82,000 டாலர் அளவில். கடன் மறுக்கப்பட்டதால் பண்ணையே ஆரம்பிக்க முடியாமல் போன 20,000 பேருக்கு 3,500 முதல் 6,000 டாலர். அதிகம் பேர் மிசிசிப்பியிலும் அலபாமாவிலும். இது இழப்புக்கு ஈடு அல்ல, ஓர் ஒப்புதல் மட்டுமே என்று துறையே சொல்லிவிட்டது. 2025 ஜூலையில், மீண்டும் டிரம்ப் ஆட்சியில், 'சமூகரீதியாகப் பின்தள்ளப்பட்ட' என்ற வகையையே இனி இனம், பால் அடிப்படையில் பயன்படுத்துவதில்லை என்று துறை அறிவித்தது.

9

இவ்வளவு சொன்னபின் 1005ஐத் தலையில் தூக்கிவைத்து ஆட வேண்டியதில்லை. அது கடன் இருப்பவருக்கு மட்டுமே. கடனே மறுக்கப்பட்டவருக்கு எதைத் தள்ளுபடி செய்வது? 1985இல் ஏலம் போனவருக்கு 2021இல் என்ன பாக்கி இருக்கும்? நிலமே இல்லாத கூலிக்கு அதில் ஒரு வரியும் இல்லை. பாகுபாட்டால் அதிகம் நொறுங்கியவர்தான் இந்த நிவாரணத்துக்கு அதிகம் வெளியே நின்றார். தடை வராமல் இருந்திருந்தாலும் இந்தக் கேள்வி நின்றிருக்கும். நிவாரணம் நிலத்தைத் திருப்பித் தருவதில்லை என்பதை அந்த உழவர்களின் இயக்கமே சொல்லிக்கொண்டிருக்கிறது.

அதே மீட்புச் சட்டத்தில் குழந்தைகளுக்கான வரிச்சலுகையை உயர்த்தி, வரி கட்ட வருமானமே இல்லாத குடும்பத்துக்கும் பணமாகக் கொடுத்தார்கள். 2021இல் குழந்தை வறுமை 5.2 சதவீதத்துக்கு இறங்கியது. நிறுத்தினார்கள், 2022இல் 12.4க்கு ஏறியது. ஆக அரசால் முடியும். ஓர் ஆண்டில் முடியும். முடியாது என்று சொல்கிறவர் பொய் சொல்கிறார் என்பதற்கு இந்த இரண்டு எண் போதும்.

கறுப்பரின் கதை நமக்கு எதற்கு என்று யாரும் கேட்கப்போவதில்லை. 1946இல் அண்ணல் அம்பேத்கர், ஐக்கிய நாடுகள் சபைக்குக் கறுப்பர் கொடுத்த விண்ணப்பத்தின் பிரதியைக் கேட்டு டு போய்ஸுக்குக் கடிதம் எழுதினார். அவரும் பதில் எழுதினார். 1972இல் பம்பாயில் எழுந்த இளைஞர்கள் கருஞ்சிறுத்தைகளின் பெயரைத் தங்கள் பெயராக்கி தலித் சிறுத்தைகள் ஆனார்கள். கேட்டு வாங்கிப் படிக்கிற வழக்கம் அப்போதிருந்தே இருக்கிறது.

இதில் படிக்க வேண்டியது சட்டத்தின் பெயரையோ முன்னுரையையோ அல்ல. அடுத்த கொள்ளைநோயோ, வெள்ளமோ, வறட்சியோ வரும்போது அரசு ஒரு தொகையை அறிவிக்கும். அன்றைக்கே நம் தோழர்கள் கேட்க வேண்டியவை நான்கு. பணம் யார் கை வழியாகப் போகிறது? எதை வைத்துப் பங்கு கணக்கிடுகிறார்கள், நிலத்தை வைத்தா, ஆளை வைத்தா? பட்டியலை எழுதுகிற குழுவில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? வழக்கென்று வந்தால் அதில் நமக்கு நாற்காலி உண்டா? இவற்றைப் பணம் பட்டுவாடா ஆனபின் கேட்டால், 2020இல் அமெரிக்கக் கறுப்பு உழவர்களுக்குக் கிடைத்த 0.1 சதவீதம்தான் பதிலாக வரும்.